விளக்கு மறையும்வரை யாரும் கீழே போகக் கூடாது

"திரும்பவும் அதே கப்பலா?" என்று கேட்பவர்களுக்கு நான் ஒரே பதில்தான் வைத்திருக்கிறேன். "சாயந்திரம் ஆனா நீங்க திரும்பவும் அதே வீட்டுக்குத்தானே போறீங்க?" என்று கேட்டுவிடுவேன்.

ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். நான் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் கிராணி. ஆசிரியர்களின் விடுப்பு முதல் கழிவறைச் சாவி வரை எல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். என் வீட்டுக்காரர் தொழிற்சாலையில் மெஷின்களோடு மல்லுக்கட்டிவிட்டு இப்போது ஓய்வில் இருக்கிறார். எங்களுக்கு ஒரே மகள். அவள் இடைநிலைப் பள்ளியில் ஃபார்ம் ஒன் சேர்ந்த வருடம், பள்ளி விடுமுறையில், முதன்முதலாக அந்தக் கப்பலில் ஏறினோம். பினாங்குத் துறைமுகத்தில் ஏறினால் மூன்று ராத்திரி. நடுவில் புக்கெட்டில் ஒரு பகல் இறக்கிவிட்டு, திரும்பவும் இங்கேயே கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அதன்பிறகு ஒரு வருடமும் நாங்கள் விட்டதில்லை. பெருந்தொற்றில் கப்பலே வராமல் கிடந்ததே, அது எங்கள் கணக்கில் சேராது.

புதுக் கப்பல்கள் எத்தனையோ வந்துவிட்டன. என் நாத்தனார் சிங்கப்பூர்வரை போய் அப்படி ஒன்றில் ஏறிவிட்டு வந்து, அதில் தண்ணீர்ச் சறுக்கு இருக்கிறது, பனிக்கட்டியில் ஆடுகிறார்கள் என்று ஒரு மாதம் கதை அளந்தாள். சறுக்கி விளையாட எனக்கென்ன ஐந்து வயதா? எங்கள் கப்பல் பழசுதான். ஆறாம் தளத்தில் லிஃப்ட் தரைக்குச் சற்று மேலேயே நின்றுவிடும். தெரியாதவர்களுக்குக் கால் தடுக்கும், எங்களுக்குத் தடுக்காது. எங்களுக்கு எப்போதும் ஜன்னல் இல்லாத உள் அறைதான். தூங்குவதற்கு ஜன்னல் எதற்கு? அறைக்குள் நுழைந்ததும் அலமாரிக் கதவின் உள்பக்கம் திருநீற்றால் ஒரு கோடு இழுத்துவிடுவேன், அப்போதுதான் அது என் அறை. சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறும் ஃபிலிப்பீன்ஸ் பெண் என்னைப் பார்த்ததும், கேட்காமலே, பச்சைமிளகாய் வெட்டிய சின்னத் தட்டைக் கொண்டுவந்து வைப்பாள். தண்ணீர்ச் சறுக்கு உள்ள கப்பலில் எனக்கு யார் வைப்பார்கள்?

இந்தக் கப்பல் பயணத்துக்கு ஒரு சட்டம் உண்டு. நான் போட்ட சட்டம். கப்பல் சாயந்திரம் கிளம்பும். நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு காப்பியை எடுத்துக்கொண்டு பின்பக்கத் தளத்துக்குப் போய், கைப்பிடிக் கம்பியோரம் நின்றுவிட வேண்டும். பாடாங் கோத்தா திடல் நகர்ந்து போகும். கர்னி டிரைவ் கட்டடங்கள் போகும். பத்து ஃபெரிங்கி ஹோட்டல்கள் ஒவ்வொன்றாக விளக்குப் போட ஆரம்பிக்கும். கடைசியில், தீவின் மூலையில், முக்கா ஹெட் கலங்கரை விளக்கு. கொஞ்ச நேரம் மின்னி மின்னி நம்மோடு வரும், பிறகு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். அது மறையும்வரை யாரும் கீழே போகக் கூடாது.

சட்டம் எதற்கு என்று என் வீட்டுக்காரர் முதல் வருடம் கேட்டார். வீட்டில் அவருக்கு டிவி, மகளுக்கு ஃபோன், எனக்கு அடுப்பு. மூன்று பேரும் ஒரே பக்கமாகப் பார்த்துக்கொண்டு நிற்பது வருடத்தில் அந்த ஒரு பொழுதுதான். அதை நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்த வயதிலும் அங்கே வந்து நின்றாள். பரீட்சையில் கணக்கு ஊற்றிக்கொண்டதை அங்கேதான் சொன்னாள். முதல் வேலையை விடப் போவதை அங்கேதான் சொன்னாள். வீட்டில் வாயைப் பிடுங்கினாலும் வராதது அந்தக் கம்பியைப் பிடித்தால் வந்துவிடும்.

"அம்மா, ஒருத்தர் இருக்காரு" என்றதும் அங்கேதான். விளக்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். என் வீட்டுக்காரர் காது கேட்காதவர்போலக் கடலைப் பார்த்தார்.

பையன் தீவுக்கு எதிர்க்கரை, பட்டர்வொர்த்காரன். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கிற வேலை. அவனுடைய அம்மாவுக்குச் சம்மதம். முறைப்படி அவர்கள் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வர வேண்டும். நான்தான் வேண்டாம் என்றேன். அரை மணி நேரம் வந்து, கேசரி சாப்பிட்டு, ஸ்டூடியோவில் படம் எடுக்க உட்கார்ந்ததுபோல் உட்கார்ந்துவிட்டுப் போகிறவனைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? மூன்று ராத்திரி ஒரே கப்பலில் இருந்தால் ஒரு மனிதன் எப்படிச் சாப்பிடுகிறான், எப்படிக் குறட்டை விடுகிறான், வரிசையில் நிற்கும்போது எப்படிக் கோபப்படுகிறான், எல்லாம் தெரிந்துவிடும். தப்பித்து ஓடவும் வழியில்லை.

"அடுத்த தடவை கப்பலுக்குக் கூட்டிட்டு வா. பாக்கலாம்" என்றேன்.

"அந்தப் பையன் என்னலா பாவம் பண்ணான்?" என்றார் என் வீட்டுக்காரர்.

அடுத்த வருடம் அவன் வந்தான். நானும் மகளும் ஒரு அறை, அவனும் என் வீட்டுக்காரரும் பக்கத்து அறை. ஆள் நல்ல உயரம். சட்டையை இஸ்திரி போட்டு உடுத்தியிருந்தான். எங்கள் பைகளையும் அவனே தூக்கினான். லிஃப்டில் தடுக்கினான், அது பரவாயில்லை, முதல் தடவை. காப்பியோடு கம்பியோரம் வந்து நின்றான். சட்டத்தைச் சொன்னேன். "சரிங்க ஆண்ட்டி" என்றான். கர்னி டிரைவ் வரைக்கும் நன்றாகத்தான் நின்றான். அதற்குமேல் கப்பல் லேசாக அசைய ஆரம்பித்தது. அவன் முகம் வேகவைத்த முட்டை மாதிரி வெளுத்தது. காப்பியை என் கையில் கொடுத்துவிட்டு, "மன்னிச்சுக்குங்க" என்று ஒரே ஓட்டம்.

மூன்று ராத்திரியும் கப்பலில் அவனை நான் கண்ணால் பார்க்கவில்லை. என் வீட்டுக்காரர் மட்டும் வந்து வந்து நிலவரம் சொல்வார். "பையன் தங்கமான பையன். வாந்திதான் நிக்கல." கப்பல்காரர்கள் பச்சை ஆப்பிளும் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். எதுவும் வயிற்றில் தங்கவில்லை. புக்கெட்டில் மண்ணை மிதித்ததும் ஆள் சரியாகிவிட்டான், இரண்டு தட்டு சோறு சாப்பிட்டான். திரும்ப ஏறியதும் பழைய கதைதான். மகள் பாதி நேரம் அந்த அறை வாசலிலேயே நின்றாள். மிளகாய்த் தட்டை வைத்துக்கொண்டு நானும் என் வீட்டுக்காரரும் தனியாகச் சாப்பிட்டோம்.

திரும்பி வந்து பாஸ்போர்ட் காட்ட வரிசையில் நின்றபோது எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. "மூணு நாள் கப்பல்ல நிக்க முடியாத ஆளு நம்ம குடும்பத்துல எப்படிலா நிப்பான்?" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். என் மெதுவான பேச்சு நாலு பேருக்குக் கேட்கும். அவன் எங்களுக்கு முன்னால் நின்றான், திரும்பவில்லை. மகள் திரும்பிப் பார்த்தாள்.

அதற்காக அவள் மனதை மாற்றிக்கொள்ளவில்லை. என் மகள் அல்லவா. அவனைத்தான் கட்டுவேன் என்றாள், நாங்களும் நல்ல நாள் பார்த்தோம். பையனிடம் குறை சொல்ல எனக்கும் வேறெதுவும் இல்லை. ஆனால் அடுத்த வருடப் பயணத்துக்குப் பதிவு செய்ய நான் கம்ப்யூட்டரைத் திறந்தபோது அவள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"உங்க ரெண்டு பேருக்கு மட்டும் போடுங்கம்மா. நா வரல."

"ஏன்?"

"அவரால முடியாது. அவர இங்க விட்டுட்டு நா மட்டும் அங்க நின்னு காப்பி குடிக்கணுமா? இந்த வருஷம்னு இல்லம்மா. இனிமே வரல."

இனிமே. அந்த ஒரு சொல் போதும். கோபம் வந்தது, அவன்மேல், அவள்மேல், அலைமேல்கூட. அதைவிடப் பயம் வந்தது. கல்யாணம் ஆனால் பெண் பட்டர்வொர்த் போய்விடுவாள், பாலத்தைத் தாண்டினால் வீடு, அது பெரிதில்லை. அந்தக் கம்பியோரம் என் பக்கத்தில் நிற்பாள் என்பதை மட்டும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் போனால் அவள் இனி எதை எங்கே வந்து என்னிடம் சொல்லப் போகிறாள்? கம்ப்யூட்டரை மூடிவிட்டேன். "பதிவை அப்புறம் பாத்துக்கலாம்" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் எதையும் அப்புறம் பார்த்துக்கொள்கிறவள் இல்லை.

அப்படி இருக்கையில் ஒரு சனிக்கிழமை, சொந்தத்தில் ஒரு குழந்தைக்குக் காதுகுத்து என்று பட்டர்வொர்த் போயிருந்தேன். மத்தியானச் சாப்பாடு முடிந்து, தாப்பாவ் கட்டிக் கொடுத்த பிரியாணிப் பொட்டலத்தோடு ஃபெர்ரியில் திரும்பினேன். ஏறி உட்கார்ந்து பார்த்தால், நாலு வரிசை முன்னால் அவன். தொழிற்சாலைச் சட்டையோடு, கண்ணை மூடிக்கொண்டு, முன் இருக்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

எனக்கு ஆச்சரியம். அவன் எங்கள் வீட்டுக்கு வருவதென்றால் மோட்டாரில், பாலத்தைச் சுற்றிக்கொண்டுதான் வருவான். மழையில் நனைந்துகொண்டுகூட வந்திருக்கிறான். பட்டர்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன் ஃபெர்ரி ஏறாதது ஏன் என்று அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது எங்கே போகிறான், யாரைப் பார்க்கப் போகிறான்? மகள் அன்று வேலையில் இருந்தாள். சரி, என்னதான் நடக்கிறது என்று பார்த்துவிடுவோம் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

தீவுப்பக்க ஜெட்டியில் எல்லாரும் இறங்கினோம். அவன் இறங்கி, ஓரமாக நின்று இரண்டு தடவை மூச்சு வாங்கினான். பிறகு சுற்றிக்கொண்டு போய், பட்டர்வொர்த் போகிற வரிசையில் திரும்பவும் நின்றான். இவனுக்குப் புத்தி கித்தி கலங்கிவிட்டதா என்று நினைத்தேன். பிரியாணியோடு நானும் வரிசையில் நின்றேன். ஏறியதும் நேராகப் போய் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"எங்க தம்பி போற?"

ஆளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாயில் ஏதோ புளிப்பு மிட்டாய். அதை அவசரமாக ஒதுக்கிக்கொண்டு, "சும்மா ஆண்ட்டி" என்றான்.

"சும்மா யாரும் வந்த வழியே திரும்பிப் போக மாட்டாங்க."

ஃபெர்ரி நகர்ந்தது. அவன் முன் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

"சனிக்கிழமை பாதி நாள் வேலை. முடிஞ்சதும் இங்க வந்துருவேன். போயிட்டு வருவேன், போயிட்டு வருவேன். முடியலன்னா நிறுத்திருவேன். மொதல்ல ஜெட்டியிலயே வாந்தி வந்துச்சு. இப்ப பரவால்ல, ரெண்டு நடை தாங்குது."

"எப்பலேர்ந்து?"

"கப்பல்லேர்ந்து வந்த மறு வாரத்துலேர்ந்து."

"நா சொன்னேன்ல, அதுக்காகவா?"

அவன் லேசாகச் சிரித்தான். அந்த நிலைமையிலும் சிரித்தான். "நீங்க சொன்னது கேட்டுச்சு ஆண்ட்டி. ஆனா அதுக்காக இல்ல. அவ ஒரு தடவை சொன்னா, ஃபார்ம் ஒன்லேர்ந்து ஒரு வருஷம்கூட விடாம உங்க பக்கத்துல நின்னு அந்த லைட்டப் பாத்திருக்கேன்னு. நா வந்ததால அது நிக்கக் கூடாதுலா."

மகளை என்னிடமிருந்து தள்ளிக்கொண்டு போகிறவன் என்று நான் யாரைத் திட்டிக்கொண்டிருந்தேனோ, அவன் அவளை என் பக்கத்திலேயே நிறுத்திவைக்கச் சனிக்கிழமை சனிக்கிழமை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். கண் கலங்கிவிட்டது. அதை அவன் பார்ப்பதற்குள் எழுந்துவிட்டேன்.

"உள்ள உக்காந்து கண்ண மூடுனா அப்படித்தான் பெரட்டும். எந்திரி. வெளிய வந்து நில்லு. தண்ணிய பாக்காத, தூரத்துல மலைய பாரு" என்றேன். எழுந்து வந்தான். பினாங்கு மலையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். "அவகிட்ட சொல்லிராதீங்க ஆண்ட்டி. கடைசியில முடியலன்னா அசிங்கமா போயிரும்" என்றான். சொல்ல மாட்டேன் என்றேன். பட்டர்வொர்த்தில் பிரியாணியை அவனிடமே கொடுத்தேன். வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான், பாவம், வாசனையே தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். "நாலு பேருக்குப் போடு" என்றார் அவர். போட்டேன்.

அதற்குள் நிச்சயம் முடிந்திருந்தது. சொந்தக்காரர்கள் எல்லாரும் அவனை மாப்பிள்ளை, மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் மட்டும் தம்பி என்றே கூப்பிட்டேன். அந்தப் பட்டத்தை நான் அவ்வளவு சுலபமாகத் தூக்கிக் கொடுக்கிறவள் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சாப்பிட வந்திருந்தபோது, குழம்பை ஊற்றிக்கொண்டே, "நாலு பேருக்குப் பதிவு பண்ணியாச்சு" என்றேன். மகள் கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு என்னை முறைத்தாள்.

"நா வரேன்" என்றான் அவன்.

"உங்களால முடியாது" என்றாள் மகள்.

"முடியும்னு சொல்லல. வரேன்னு சொன்னேன்."

என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். சிரிக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருடம் நாலு பேரும் ஏறினோம். லிஃப்டில் அவனுக்குக் கால் தடுக்கவில்லை. அலமாரிக் கதவில் திருநீற்றுக் கோடு போட்டுவிட்டு மேலே போனேன். காப்பியை எடுத்துக்கொண்டு நாலு பேரும் பின்பக்கக் கம்பியோரம் நின்றோம். அவன் காப்பி எடுக்கவில்லை, வாயில் புளிப்பு மிட்டாய். நான் சொல்லிக் கொடுத்தபடி தண்ணீரைப் பார்க்காமல் மலையைப் பார்த்தான். பாடாங் கோத்தா போனது. கர்னி டிரைவ் போனது, அவன் நின்றான். போன வருடம் அங்கேதான் ஓடினான் என்பது எங்கள் நாலு பேருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. மகள் அவனையும் பார்க்கவில்லை, கரையையும் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தஞ்சோங் பூங்காவும் போனது. நின்றான். பத்து ஃபெரிங்கியில் முதல் ஹோட்டல் விளக்குப் போட்டது. அப்போதுதான் அவன் நெற்றியில் வேர்வை துளிர்த்ததைப் பார்த்தேன். கப்பல் ஒரு தடவை மெல்லத் தூக்கிப் போட்டது.

"நா கீழ போறேன்" என்றான் மகளிடம். அவள் உடனே கப்பை வைத்தாள். "நீ வராத. லைட் போற வரைக்கும் அம்மாகூட நில்லு. ப்ளீஸ்." சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு போய்விட்டான்.

அவள் நின்றாள். நான் கேட்டது அதுதானே. என் பக்கத்தில், அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு, மகள் நின்றாள். ஆனால் முகம் கதவுப்பக்கம். கால் ஒன்று முன்னால், ஒன்று பின்னால். இன்னும் கொஞ்ச நேரத்தில் முக்கா ஹெட் விளக்கு வந்துவிடும், இவள் அதைப் பார்க்காமலே பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் ஃபெர்ரியில் பட்ட பாடெல்லாம் தண்டமாகப் போகும். கீழே அவனுக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால்தான் இவளுக்கு இங்கே மனது நிற்கும். யார் போவது? என் வீட்டுக்காரரை அனுப்பலாம், ஆனால் போன வருடம் மூன்று ராத்திரியும் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

காப்பியை அவர் கையில் கொடுத்தேன்.

"எங்கம்மா போறீங்க?" என்றாள் மகள். "லைட் வரப் போகுது."

"அவன் சனிக்கிழமையானா ஃபெர்ரியில ஏறி, எறங்கி, வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தான், தெரியுமா உனக்கு? இந்தக் கப்பலுக்காகத்தான். எதுக்குன்னு நெனைக்கிற? நீ இங்க நிக்கிறதுக்கு. ஒழுங்கா நின்னு பாரு. அவன நா பாத்துக்குறேன்."

அவள் முகம் எப்படிப் போனது என்பதை நான் நின்று பார்க்கவில்லை. பார்த்தால் நானும் அழுதிருப்பேன். ஃபிலிப்பீன்ஸ் பெண்ணிடம் இஞ்சி தட்டிப் போட்ட சுடுதண்ணீர் கேட்டு வாங்கிக்கொண்டு, படியில் இறங்கினேன்.

அறையில் விளக்கைப் போடாமல் கட்டில் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தான். மடியில் பிளாஸ்டிக் பை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தான். தோளைப் பிடித்து அமுக்கி உட்கார வைத்தேன்.

"தோத்துட்டேன் ஆண்ட்டி."

"யார் சொன்னா? போன வருஷம் கர்னி டிரைவ். இந்த வருஷம் பத்து ஃபெரிங்கி. அடுத்த வருஷம் லைட்டு."

இரண்டு வாய் இஞ்சித்தண்ணீர் குடித்தான். மூன்றாவது வாய்க்குள் பை தேவைப்பட்டது. முதுகைத் தடவிவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை, எந்தப் பக்கம் கரை, எந்தப் பக்கம் கடல் என்று தெரியவில்லை. கப்பல் ஒரு பக்கமாகத் திரும்புவது மட்டும் காலில் தெரிந்தது. முக்கா ஹெட் வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தலையை நிமிர்த்தினான்.

"நீங்க மேல போங்க ஆண்ட்டி. ஒரு வருஷம்கூட விட்டதில்லன்னு சொன்னாளே. லைட் போயிரும்."

"போனா போகுது. மேல அவ பாத்துக்கிட்டு இருக்கா. நீங்க படுங்க, மாப்பிள்ள" என்று சொல்லிவிட்டு, பையை நான் வாங்கிப் பிடித்துக்கொண்டேன்.